வாகனமோட்டப் பழக: பள்ளியா, தனியார் பயிற்றுநரா?

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் வாகனமோட்டப் பழகலாம். பழக நினைப்போர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, ஒரு பாடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத்தான். ஆனால், உரிமம் கைக்கு வரும்வரை மொத்தம் எவ்வளவு செலவாகும், எத்தனை மாதங்கள் ஆகும் என்பதையே கேட்கவேண்டும்.

தேர்வுகள் ஒன்றே

எங்கே பழகினாலும் தேர்வுகளில் மாற்றமில்லை. முதலில் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு. 50 நிமிடங்களில் 50 கேள்விகள். குறைந்தது 45 சரியாக இருக்கவேண்டும். தேறியவர் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது ஈராண்டுகளுக்குச் செல்லும். அடுத்து இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, பின்னர் செய்முறைத் தேர்வு.

செய்முறைத் தேர்வுக்கு முன்னர் பாவனைக் கருவியில் பயிற்சி பெறுவது 2019 டிசம்பர் முதல் கட்டாயம். தனியாரிடம் பழகுவோரும் இதற்காகப் பள்ளிக்குச் செல்லவேண்டும்.

பள்ளி

புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் பள்ளிகள் உள்ளன. பயிற்சித் திடல் வளாகத்திலேயே இருப்பதால், மேட்டில் நிறுத்தி எடுப்பது, வாகனத்தை நிறுத்துமிடத்தில் பின்னோக்கிச் செலுத்துவது போன்றவற்றை அங்கேயே பழகலாம். தேர்வும் அங்கேயே நடக்கும். மாலை நேர, வார இறுதிப் பாடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதுதான் சிரமம்.

தனியார் பயிற்றுநர்

ஒரே பயிற்றுநர் தொடர்ந்து கற்றுக்கொடுப்பதால் நம் குறைகளை அவர் அறிந்திருப்பார். நேரத்தையும் பேசி முடிவுசெய்யலாம். ஆனால், திடலில் பழகத் தேர்வு நிலையத்துக்குச் சென்று தனிக் கட்டணம் செலுத்தவேண்டும்.

தனியார் பயிற்றுநர்களுக்குப் புதிய உரிமம் வழங்குவது 1987ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே, சமூக ஊடகத்தில் குறைந்த கட்டணத்தில் சொல்லித்தருவதாக விளம்பரம் செய்யும் இளம் பயிற்றுநரைக் கண்டால் எச்சரிக்கை தேவை. பணம் கட்டுமுன் அவரது பயிற்றுநர் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். உரிமம் இல்லாதவருடன் பழகினால், பழகுபவரும் சட்டத்தை மீறியவராவார். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

சேருமுன் கேட்கவேண்டியவை

* அடுத்த பாடத்துக்கு எத்தனை வாரம் காத்திருக்கவேண்டும்? தேர்வுக்கு எவ்வளவு காலம்?
* திடல், தேர்வு நாள் வாகனம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா?
* தேர்வில் தவறினால் மறுபடியும் எவ்வளவு செலவாகும்?
* பாடத்தை ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கியர் வண்டிக்கு வகுப்பு 3, தானியக்க வண்டிக்கு வகுப்பு 3ஏ. 3ஏ உரிமம் உள்ளவர் கியர் வண்டியை ஓட்ட முடியாது. வேலைக்கு வேன், லாரி ஓட்டவேண்டி வரலாம் என்றால் இதை முதலிலேயே முடிவுசெய்வது நல்லது.

செய்முறைத் தேர்வில் 18 புள்ளிகளுக்குமேல் இழந்தால் தோல்வி. சாலையோர விளிம்பில் சக்கரம் ஏறினால் உடனடித் தோல்வி. தேறிய பிறகும் முதல் ஓராண்டு சோதனைக் காலம். அக்காலத்தில் 13 அல்லது அதற்கு அதிகமான குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். மீண்டும் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விலிருந்து தொடங்கவேண்டும்.