தத்தக சந்திரிகையின் ஆசிரியர்

ஒரு பொருளைச் சொன்னவர் யார் என்று பாராமல், அப்பொருளின் மெய்ம்மையையே காணவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. எனினும், நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டப்படும் நூலை இயற்றியவர் யார், எந்நாட்டவர், எக்காலத்தவர் என வினவுதல் முறையேயாகும். அவ்வினாவிற்குப் பிழையான விடை கொண்டால் நேர்வது யாது என்பதைத் தத்தக சந்திரிகை என்னும் வடமொழி நூலின் வரலாறு காட்டுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில், இந்துக்களின் வாரிசுரிமை, தத்து ஆகியவை பற்றிய வழக்குகள் அவர்தம் சாத்திரப்படியே தீர்க்கப்பட்டன. நீதிபதிகளுள் வடமொழி அறிந்தோர் மிகச் சிலரே. ஆதலின் அவர்கள் மொழிபெயர்ப்புகளையே நம்பினர். தத்துப் பற்றிய இந்நூலைச் சதர்லாந்து என்பவர் 1821-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தாம் ஸ்மிருதி சந்திரிகை இயற்றியவர் என்று இந்நூலாசிரியர் கூறுகின்றார். அப்பெயருடைய பழைய நூல் ஒன்று தென்னாட்டில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அதனை இயற்றியவர் ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டினரான தேவண்ண பட்டர். எனவே, இரண்டும் அவர் இயற்றியனவே என்று கொள்ளப்பட்டது.

1868-இல் இராமநாதபுரம் சேதுபதி மரபின் தத்து வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. கணவனின் உறவினர் இசைவு பெற்று ஒரு கைம்பெண் தத்தெடுக்கலாம் என்பது தீர்ப்பு. அத்தீர்ப்புரையிலும் தத்தக சந்திரிகை தேவண்ண பட்டர் நூலாகவே குறிக்கப்பட்டது.

பின்னர் ஆராய்ந்தோர்க்கு ஐயம் பிறந்தது. நூலின் இறுதிச் செய்யுள் இரண்டு அடிகளால் ஆகியது. முதலடி 'ர' எனத் தொடங்கிக் 'கு' என முடிகின்றது. இரண்டாம் அடி 'ம' எனத் தொடங்கி 'ணி' என முடிகின்றது. நான்கும் சேர்ந்தால் 'ரகுமணி' என்றாகும்! இரகுமணி வித்தியாபூஷணர் என்பார் ஆங்கிலேயர் காலத்தில் வங்காளத்தில் வாழ்ந்த பண்டிதர். அவரே நூலை இயற்றித் தம் பெயரை மறைத்து வைத்தார் என்று அறிஞர் பலர் கருதினர். கோலாப் சந்திர சர்க்கார் 1888-ஆம் ஆண்டுத் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளில் இக்கருத்தை விளக்கினார்.

ஆயினும், நூல் நீதிமன்றங்களில் வேரூன்றிவிட்டது. நெடுங்காலம் ஏற்கப்பட்டுவந்த நூல் சட்டத்தோடு கலந்துவிட்டது என்று பிரிவி கவுன்சில் 1899-இல் கருதியது. தத்தெடுத்த பின் சொந்த மகன் பிறந்தால், சென்னை மாகாணத்தில் தத்துமகனுக்குப் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கே உண்டு. சூத்திரர் எனச் சட்டம் வகுத்திருந்தோர்க்கு மட்டும் இருவர்க்கும் சமபங்கு என்பது இந்நூலின் விதி. 1921-இல் பிரிவி கவுன்சில் அதனையே உறுதி செய்தது. ஆகவே, எத்தனையோ குடும்பங்களின் நிலமும் பொருளும் இந்நூற்படி பங்கிடப்பட்டன. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டம் வந்த பின்னரே தத்துவுக்குப் புதுவிதி பிறந்தது.

ஔவையார் என்னும் ஒரு பெயரால் வெவ்வேறு காலத்துப் புலவர் பலர் வழங்கப்பெறுதலை மாணவர் அறிவர். பெயர் ஒத்திருத்தல் ஒன்றே ஆசிரியர் ஒருவர் என்பதற்குச் சான்றாகாது. நடை, காலம், ஏடு, பிற நூல்களின் மேற்கோள் ஆகிய அனைத்தையும் சீர்தூக்கியே நூலாசிரியரைத் துணிதல் வேண்டும். பிழை ஒருமுறை தீர்ப்பில் ஏறிவிட்டால், அதனை இறக்குதல் எளிதன்று.