கீமோதெரபி பெறும் குடும்ப உறுப்பினருக்குத் துணைநிற்றல்: பராமரிப்பாளர்களுக்கான வழிகாட்டி

கீமோதெரபி எனப்படும் வேதிச்சிகிச்சை, வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்களை மருந்துகளால் அழிக்கும் முறையாகும். வாயின் உட்பகுதி, குடல், முடியின் வேர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள இயல்பான செல்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால், அவையும் பாதிக்கப்படுகின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைதல் ஆகியவற்றுக்கு இதுவே காரணம். இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்தபின் படிப்படியாகச் சரியாகிவிடும்.

சிகிச்சை பெறுவோர் பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். ஆகவே பக்கவிளைவுகளை முதலில் காண்பவர்கள் குடும்பத்தினரே. எதை வீட்டிலேயே கவனிக்கலாம், எதற்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருப்பது உயிர் காக்கும்.

காய்ச்சல்: காத்திருக்கக் கூடாத அறிகுறி

பல மருந்துகளில், சிகிச்சை அளித்த 7 முதல் 14 நாள்களுக்குள் இரத்த வெள்ளையணுக்கள் மிகக் குறைந்த நிலையை அடைகின்றன. அப்போது சிறு கிருமித் தொற்றுகூட சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். வெள்ளையணுக்கள் குறைந்திருப்பதால் சீழ், வீக்கம் போன்ற வழக்கமான அடையாளங்கள் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே ஒரே எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

• வீட்டில் வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.
• உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
• மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்க வேண்டாம். அது வெப்பத்தைக் குறைத்து, தொற்றை மறைத்துவிடும்.
• சென்றவுடன், "இவர் கீமோதெரபி பெறுபவர், கடைசியாக இந்தத் தேதியில் மருந்து ஏற்றப்பட்டது" என்று முதலில் கூறுங்கள். சிகிச்சைக் குறிப்பேட்டை எப்போதும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், நிற்காத இரத்தக்கசிவு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

உணவு

குமட்டலுக்கான மாத்திரைகளை, வாந்தி வந்தபின் அல்ல, மருத்துவர் குறித்த நேரத்திலேயே கொடுங்கள். மூன்று வேளை முழு உணவுக்குப் பதிலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு கொடுப்பது நலம். தாளிக்கும் வாசனையே குமட்டலைத் தூண்டலாம் என்பதால், சமைக்கும்போது நோயாளி வேறு அறையில் இருக்கட்டும். இட்லி, இடியாப்பம், குழைந்த பருப்புச் சாதம், நன்கு வேகவைத்த முட்டை போன்றவை ஏற்றவை.

காய்ச்சி ஆறவைத்த நீரையே குடிக்கக் கொடுங்கள். தெருவோரச் சாறு வகைகள், பச்சைக் காய்கறிகள், அரைவேக்காட்டு முட்டை, முந்தைய நாள் உணவு ஆகியவற்றைத் தவிர்க்கவும். வாய்ப்புண் இருந்தால் காரமும் புளிப்பும் வேண்டாம். மிருதுவான பல்துலக்கியையும் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரையும் பயன்படுத்தலாம்.

அக்கம்பக்கத்தார் பரிந்துரைக்கும் இலைச்சாறு, சூரணம், மூலிகைப் பொடி எதையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில பொருள்கள் மருந்தின் செயலை மாற்றிவிடும். வலிக்குக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளும் இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

தனித்தட்டு தேவையில்லை

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நோயாளியுடன் சேர்ந்து உண்ணலாம், அருகில் உறங்கலாம், பேரக்குழந்தைகள் மடியில் அமரலாம். தனித்தட்டும் தனி அறையும் தருவது நோயைத் தடுப்பதில்லை. நோயாளியின் மனத்தைத்தான் புண்படுத்துகிறது. சளி, காய்ச்சல், அம்மை உள்ளவர்கள் மட்டும், நோயாளியின் பாதுகாப்புக் கருதி விலகியிருக்க வேண்டும்.

மருந்து ஏற்றிய பின் சுமார் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கலாம். அந்நேரத்தில் கழிவறையில் இருமுறை நீர் ஊற்றுங்கள். கறைபட்ட துணிகளைக் கையுறை அணிந்து தனியே துவையுங்கள். கர்ப்பிணிகள் இப்பணியைச் செய்ய வேண்டாம்.

முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கே

"அவரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்" என்று மருத்துவரைத் தனியே கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் பல. அன்பினால் எழும் வேண்டுகோள்தான் அது. ஆயினும், முடி உதிர்வதையும் புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப்பலகையையும் காணும் ஒருவர் உண்மையைத் தாமே ஊகித்துக்கொள்வார்; பிறகு தம் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள ஆளின்றித் தனித்து நிற்பார். எதற்கான மருந்து என்று அறியாதவர், காய்ச்சலையும் பெரிதாக எண்ணாமல் மறைத்துவிடக்கூடும்.

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேளுங்கள். மருத்துவரின் கேள்விகளுக்கு அவரே பதிலளிக்கட்டும். வீட்டுக் கணக்கு, கோலம், கடைக்குச் செல்லுதல் என அவரால் இயன்ற வேலைகளை அவரிடமே விட்டுவிடுங்கள். முடி உதிர்தல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கும் என்பதை முன்னரே கூறினால் அதிர்ச்சி குறையும்.

செலவும் உதவியும்

தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கீமோதெரபி பெறலாம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. இதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

பராமரிப்பவரின் நலம்

சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கலாம். ஒருவரே இரவு பகலாகக் கவனித்தால், சில சுழற்சிகளிலேயே தளர்ந்துவிடுவார். மருத்துவமனைக்கு உடன் செல்வது, சமைப்பது, இரவில் விழித்திருப்பது ஆகியவற்றை உறவினர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். உறக்கமின்மையோ நீங்காத மனச்சோர்வோ இருந்தால், 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இக்கட்டுரை பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. மருந்துக்கும் நோயாளிக்கும் ஏற்ப அறிவுரை மாறுபடும் என்பதால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனையையே பின்பற்றவும்.