இரத்தினக் கம்பளங்களைப் பேணும் முறை

சுவனத்தின் இன்பங்களைக் கூறுமிடத்தில் விரிக்கப்பட்ட கம்பளங்களையும் குறிப்பிடுகிறது திருமறை (88:16). கால்நடைகளின் கம்பளியும் உரோமமும் முடியும் மனிதனுக்கு வீட்டுப் பொருள்களாகப் பயன்படுவதை அருட்கொடைகளுள் ஒன்றாக மற்றோர் இடத்தில் (16:80) நினைவூட்டுகிறது. முஸ்லிம் நாகரிகம் வளர்த்த கலைகளுள் கம்பள நெசவுக்குத் தனியிடம் உண்டு. பேரரசர் அக்பர் ஆக்ரா, ஃபத்தேபூர், லாகூர் ஆகிய நகரங்களில் கம்பள நெசவாளரைக் குடியமர்த்தியதை அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரி பதிவு செய்துள்ளது. தமிழகத்திலும் வாலாஜாப்பேட்டையும் தஞ்சைக்கு அருகிலுள்ள அய்யம்பேட்டையும் ஒரு காலத்தில் கம்பள நெசவுக்குப் பெயர் பெற்றிருந்தன.

புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கம்பளி புதிதன்று. செம்மறி மேய்த்து முரட்டுக் கம்பளி நெய்த மரபினரான குறும்பர் இம்மாவட்டத்திலும் வாழ்கின்றனர். ஆனால் முடிச்சிட்டு நெய்த கம்பளங்கள் நம் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் கடல் கடந்துதான். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் போன்ற கரையோர ஊர்களிலும் அறந்தாங்கிப் பகுதியிலும் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் கொண்டுவந்த ஈரானிய, துருக்கிய விரிப்புகளை இன்றும் காணலாம். நன்கு பேணினால் மூன்று தலைமுறை உழைக்கக்கூடிய இப்பொருள், பேணத் தெரியாமையால் ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிடுவதும் உண்டு. எனவே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் நம்மிடம் இருப்பது எது என்று அறிய வேண்டும். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கையால் முடிச்சிட்ட கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சும் தெரியும். முன்புறத்துப் பூவேலை அங்கும் தெளிவாக இருக்கும். ஓரத்துக் குஞ்சம் தைத்து ஒட்டியதாக இராமல், உள்ளே ஓடும் பாவு நூலின் நுனியாகவே இருக்கும். ஓர் இழையைப் பிரித்து எரித்தால் கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாக உதிரும். செயற்கை இழையோ உருகிக் கட்டியாகும். இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முஸல்லாக்களும் பள்ளிவாசல் விரிப்புகளும் பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனவை. அவற்றுக்குப் பொருந்தும் துவைப்பு முறை கம்பளிக்குப் பொருந்தாது.

கம்பளி, நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இந்த ஓர் உண்மையிலிருந்தே பேணும் முறைகள் பலவும் பிறக்கின்றன. காரமும் வெளுப்பு நீரும் புரதத்தைக் கரைக்கும். சலவைத் தூள்கள் பலவற்றில் கறை நீக்குவதற்காகச் சேர்க்கப்படும் நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. சட்டையிலுள்ள கறையைத் தின்னும் அதே பொருள் கம்பளியையும் தின்னும். ஆதலால் கழுவ நேர்ந்தால் குளிர்ந்த நீரும், காரமற்ற மென்மையான திரவ சோப்பும் மட்டுமே தக்கவை. அதற்கு முன் ஈர வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மீதும் சற்று நேரம் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் சாயம் பற்றினால் வீட்டில் கழுவாமல் விடுவதே நன்று.

அன்றாடப் பகை தூசுதான். முடிச்சுகளின் அடியில் சேரும் மணல், நடக்கும்போதெல்லாம் இழைகளை அறுக்கிறது. கரையோர வீடுகளில் இது மிகுதி. வாரம் ஒருமுறை, இழை சாய்ந்த திசையிலேயே மென்மையாகப் பெருக்க வேண்டும். தூசு உறிஞ்சும் கருவியாயின் சுழலும் தூரிகையைத் தவிர்த்து, குஞ்சத்தின் மீது படாமல் இயக்க வேண்டும். கொடியில் போட்டுத் தடியால் ஓங்கி அடிக்கும் வழக்கம் பழைய கம்பளத்தின் பாவையே அறுத்துவிடும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானமும் வெயிற்படுதலும் சமமாகும். வெயில் நிறத்தை உண்ணும். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஹிஜ்ரி 946இல் (கி.பி. 1539-40) நெய்யப்பட்ட அர்தபீல் கம்பளத்தின் மீது இடையிடையே சில நிமிடங்கள் மட்டுமே விளக்கு ஏற்றப்படுவது இக்காரணம் பற்றியே.

குழந்தைகள் உள்ள வீட்டில் எழும் முதன்மையான கேள்வி சிறுநீரைப் பற்றியது. தூய்மையின் சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அவற்றை ஆலிம்களிடம் கேட்டறிக. கம்பளியின் பொருட்டு நாம் சொல்ல விழைவது ஒன்றே: தாமதம் கூடாது. நேரம் செல்லச் செல்லச் சிறுநீர் காரத்தன்மை அடைந்து சாயத்தைக் கெடுக்கிறது. உலர்ந்த பருத்தித் துணியை அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கலாகாது. பிறகு அவ்விடத்தை மட்டும் உயர்த்தி, அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து நீரை ஊற்றினால், நீர் கம்பளத்தில் தேங்காமல் ஊடுருவி வெளியேறும். மீண்டும் ஒற்றி எடுத்து, இருபுறமும் காற்றுப்படும்படி நிழலில் உலர்த்துக. நீர் ஊற்றுவதால் கம்பளம் கெடுவதில்லை. ஊற்றிய நீர் உள்ளே தங்குவதாலேயே கெடுகிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை, தொட்டால் தெரியாதவாறு ஏற்கவல்லது. மேலே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் அடியிலுள்ள பருத்திப் பாவு மக்கிக்கொண்டிருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வாபத்து இரட்டிக்கிறது. அம்மாதங்களில் சிமெண்டுத் தரையில் நேராக விரித்து வைக்காமல், அவ்வப்போது எடுத்துக் காற்றாட விடுதல் வேண்டும். எடுத்து வைப்பதாயின் மடிக்காமல் சுருட்ட வேண்டும். மடிப்பில் பாவு முறியும். பாலித்தீன் உறை ஈரத்தைச் சிறைப்படுத்துவதால் கோராத் துணியில் சுற்றுவதே முறை.

கம்பளியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சியன்று; அதன் புழுவே. பெண்பூச்சி ஏறத்தாழ 40 முதல் 50 முட்டைகள் இடும். இருளும் அசைவின்மையும் வியர்வை, உணவுக் கறைகளும் புழுவுக்கு உகந்த சூழல். பீரோவுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கம்பளத்தைவிட நாள்தோறும் தொழப்படும் முஸல்லா நீடித்திருப்பதன் காரணம் இதுவே. சிறிய முஸல்லாவில் புழு கண்டால், காற்றுப் புகாத பையிலிட்டு, பூஜ்யத்திற்குக் கீழ் 18 பாகைக் குளிர்ப்பெட்டியில் இரு வாரம் வைத்தெடுத்தால் முட்டைகளும் அழியும். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை ஓரளவு விலக்கலாம். உள்ளே புகுந்துவிட்ட புழுவைக் கொல்லுமென அவற்றை நம்பியிருத்தல் கூடாது.

அந்துருண்டையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அதிலுள்ள நாஃப்தலின், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுடைய குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சட்காமாலையையும் இரத்தச்சோகையையும் உண்டாக்கக்கூடியது. இக்குறைபாடு வெளிப்பார்வைக்குப் புலப்படாதது. அந்துருண்டை இட்டு வைத்த கம்பளத்தைப் பெருநாள் அன்று எடுத்து உதறி, அதன்மேல் பச்சிளங்குழந்தையைக் கிடத்தும் வழக்கம் கைவிடத் தக்கது.

குஞ்சம் அவிழத் தொடங்கினால் அதனை வெட்டி ஒழுங்காக்க எண்ணுவோர் பலர். வெட்டினால் முடிச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, சில மாதங்களில் கரையே கரைந்துவிடும். கனத்த பருத்தி நூலால் ஓரத்தை நெருக்கித் தைத்தால் அச்சேதம் அங்கேயே நின்றுவிடும். இதற்குத் தனித்த கைத்திறன் வேண்டியதில்லை. நம் வீட்டு மூதாட்டியர் பாய்க்கு ஓரம் கட்டிய பொறுமையே போதும்.