லினக்ஸில் கேம் ஓடுமா?

லினக்ஸ் கணினியில் பெரிய வீடியோ கேம்கள் ஓடுமா? பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், பெரும்பாலும் ஓடாது என்பதே பதில். இன்று நிலைமை வேறு.

அமெரிக்காவில் 1998-ல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம், விண்டோஸ் கேம்களை ஒவ்வொன்றாக லினக்ஸுக்கு மாற்றி விற்றது. போதிய விற்பனை இல்லை; 2002-ல் மூடப்பட்டது. ஆனால் அங்கே பணியாற்றிய சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்.டி.எல். என்ற நிரல் தொகுப்பு, இன்றும் எத்தனையோ கேம்களுக்கு அடித்தளம்.

வால்வ் என்ற கேம் நிறுவனம் 2018-ல் வேறு வழியைப் பிடித்தது. கேமில் கை வைக்கவே இல்லை. 'இந்த முக்கோணத்தை வரை' என்று விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ் முறையில் கேட்டால், அதை அந்தக் கணமே லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளையாக மாற்றித் தரும் புரோட்டான் மென்பொருளை வெளியிட்டது. இதன் அடிப்படை, தன்னார்வலர்கள் 1993-ல் தொடங்கிய வைன். கால் நூற்றாண்டு உழைத்த அவர்களுக்கே முதல் பாராட்டு சேர வேண்டும். 2022-ல் வந்த வால்வின் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியும் லினக்ஸில்தான் இயங்குகிறது.

இன்றுள்ள பெரிய முட்டுக்கட்டை, ஆன்லைன் கேம்களில் ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள். அது லினக்ஸில் இயங்க அனுமதிப்பதா என்பது கேம் நிறுவனத்தின் முடிவு. ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் அனுமதித்து, 2024-ல் கதவைச் சாத்திவிட்டது. நேர்மையாக ஆடியவர்களும் அதனால் வெளியே நிற்கிறார்கள்.