கடைசி வரிசையும் ஒலிபெருக்கியும்

பெருங்கூட்டங்களில் முன்வரிசையிலிருப்போர் செவியைப் பொத்திக்கொள்வதும், பின்வரிசையிலிருப்போர் "என்ன சொன்னார்?" என்று அயலாரை வினவுவதும் நாம் யாவரும் கண்டனவே. அமைப்பாளர் உடனே ஒலியளவைக் கூட்டுவர். அதனால் முன்னிருப்போர் துன்பம் பெருகுமேயன்றிப் பின்னிருப்போர்க்குச் சொல் தெளிவுறுவதில்லை. குறை ஒலியின் அளவிலன்று. அதனைப் பங்கிடும் முறையிலே உள்ளது. அம்முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திறந்த வெளியில், ஓர் ஒலிபெருக்கியினின்று நாம் அகலும் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலிமட்டம் 6 டெசிபல் குறையும். மேடையோரத்தில் செவியளவு உயரத்தில் ஓர் ஒலிபெருக்கி நிற்பதாகக் கொள்வோம். முதல் வரிசை 4 மீட்டரிலும் கடைசி வரிசை 32 மீட்டரிலும் இருப்பின், தூரம் மும்முறை இரட்டித்தமையால் 18 டெசிபல் வேறுபாடு உண்டாம். அதனையே செவிமட்டத்துக்கு 7 மீட்டர் மேலே தொங்கவிடின், முதல் வரிசைக்குள்ள தூரம் 8 மீட்டராகும். கடைசி வரிசைக்கோ 33 மீட்டர்தான். வேறுபாடு 12 டெசிபலாகச் சுருங்குகின்றது. வேறு கருவி எதுவும் வாங்காமலே பெற்ற ஊதியம் இது. (தலைக்குமேல் பாரத்தைத் தொங்கவிடுமுன், கூரை அதனைத் தாங்குமா என்று பொறியறிஞரைக் கேட்டறிதல் இன்றியமையாதது.)

இனி, ஒலிபெருக்கியின் நேர்முகத்தில் ஒலி மிகும்; பக்கஞ்சாயக் குறையும். இருபுறமும் 6 டெசிபல் குறையும் எல்லைகட்கு இடைப்பட்டதே அதன் பரவுகோணம். நேர்முகத்தைக் கடைசி வரிசைக்குத் திருப்பி, எல்லையோரத்தை முதல் வரிசையில் விழச்செய்தால், எஞ்சிய வேறுபாட்டிலும் பாதி நீங்கும். நம் உதாரணத்தில் அவ்விரு வரிசைகட்கும் இடையேயுள்ள கோணம் ஏறக்குறைய 48 பாகை. ஆகவே 96 பாகைப் பரவுகோணமுடைய பெட்டி வேண்டும். ஆனால் அதன் மேற்பாதி ஒலி எங்கே போகும்? கூரையையும் பின்சுவரையும் மோதி, சொல்லைக் குழப்பும் எதிரொலியாய்த் திரும்பும்.

இவ்விடரை நீக்கவே குறுகிய கோணமுடைய பெட்டிகள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோக்கின்றனர். மேற்பெட்டிகள் ஏறக்குறைய ஒரே நேராக நின்று தொலைவுக்கு வலிமை சேர்க்கும். கீழ்ப்பெட்டிகள் வரவர வளைந்து அருகிலிருப்போரை நோக்கும். பிரெஞ்சு அறிஞர் கிறிஸ்டியன் ஹைல் 1990களில் இதனைப் பேரரங்குகட்கேற்பத் திருத்தியமைத்தார். எனினும், கோவையின் நீளம் அலைநீளத்துக்கு ஒப்பாதல் வேண்டும். வினாடிக்கு 100 அதிர்வுடைய கீழோசையின் அலைநீளம் 3.4 மீட்டர், குட்டையான கோவைக்கு அது அடங்குவதில்லை.

நெடிய கோவையின் பயன் இதற்கு முன்னரே லண்டனில் விளங்கிற்று. செயிண்ட் பால் பேராலயம் வெறுமையாயிருக்கும்போது எழுந்த ஒலி அடங்கப் பத்து வினாடிக்கு மேலாகும். ஒரு சொல் தேயுமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்னும் இருவர் அங்கே தூண்போன்ற ஒலிபெருக்கிகளை நாட்டினர். தூணின் ஒலி பக்கவாட்டில் விரிந்து, மேலுங்கீழும் மெலிதாய், மக்கள்மீதே படிந்தது. மக்களின் ஆடையும் உடலும் ஒலியை உறிஞ்சுமாதலின் எதிரொலியும் தணிந்தது.

ஆயினும் வேறொரு சிக்கல் எழுந்தது. மின்கம்பிவழி வரும் குரல் நொடிப்பொழுதில் தொலைத்தூணை அடையும். காற்றுவழி ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டரே செல்லும். 34 மீட்டருக்கு அப்பாலிருப்பவர் தூணின் குரலைக் கேட்டுப் பத்திலொரு வினாடி கழித்தே பேசுவோரின் குரலைக் கேட்பர். ஆதலின் சுழலும் காந்தப் பதிவுக்கருவியொன்றால் தொலைத்தூண்களின் ஒலியைத் தாமதிக்கச் செய்தனர். ஜெர்மானிய அறிஞர் ஹாஸ் 1951ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒளிதந்தது. முந்திவரும் ஒலியின் திசையையே செவி நம்பும். ஆயிரத்திலொரு பங்கு வினாடிகள் சிலவற்றிலிருந்து முப்பதுக்குள் பிந்திவரும் ஒலி சற்று உரத்ததாயினும் தனியே தோன்றாது. எனவே, காற்றுவழிக் குரல் வந்த பின்னரே தூண் ஒலிக்குமாறு தாமதத்தைச் சிறிது கூட்டியமைத்தால், அருகிலுள்ள தூண் மறைந்து, பேசுவோரே பேசுவதாகத் தோன்றும். இன்று இத்தாமதத்தை எண்முறைக் கருவிகள் எளிதில் அளிக்கின்றன.

கணக்கெல்லாம் முடிந்தபின் கால்நடையும் வேண்டும். கருவியை இயக்குவோர் பெரும்பாலும் நடுவே நல்லிடத்தில் அமர்ந்து, எங்கும் அவ்வாறே கேட்கிறதென்று மயங்குவர். மக்கள் வருமுன், ஒருவர் மேடையில் நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்க, மற்றொருவர் தூண்மறைவிலும், மாடத்தின் கீழும், கதவோரத்துக் கடைசி இருக்கையிலும் அமர்ந்து கேட்டல் வேண்டும். முன்வரிசையையும் மறத்தலாகாது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாதென்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் அரங்குகட்கு வரையறுத்துள்ளது.