பதுளையும் பச்சைக் கொழுந்தும்

ஆலைகளும் புகைபோக்கிகளும் நிறைந்த ஊரைத் தொழில் நகர் என்பது உலக வழக்கு. அவ்வாறு நோக்குவார்க்குப் பதுளை தொழில் நகராகத் தோன்றாது. கச்சேரியும், கடைவீதியும், முத்தியங்கனை விகாரையும், புகையிரத நிலையமும் உடைய சிறு நகராகவே அது காட்சி தரும். ஆயினும், ஸ்பிரிங்வெலி, தெமோதரை, பூனாகலை என விரியும் ஊவா மலைகளை நோக்கின், வரிசை வரிசையான சாளரங்களுடன் பல மாடித் தேயிலைத் தொழிற்சாலைகள் தென்படும். தன் ஆலைகளை மலைமேல் வைத்துத் தான் பள்ளத்தாக்கில் அமர்ந்த தொழில் நகர் பதுளை எனலாம். இத்துணை உற்பத்தி சூழ்ந்திருந்தும் நகர் சிறிதாகவே நின்றது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வாணிகம் இப்பகுதிக்குப் புதிதன்று. பதுளைத் தூண் கல்வெட்டு என வழங்கும் 10ஆம் நூற்றாண்டுச் சாசனம், ஒரு சந்தையில் கைக்கொள்ள வேண்டிய விதிகளைக் கூறுகின்றது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, 1817–18இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சியும் அடக்கப்பட்டபின், பதுளை ஆங்கிலேயரின் ஆட்சி நிலையமாயிற்று. பின்னர் மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. கங்காணிமார் தென்னிந்தியாவிலிருந்து திரட்டி வந்த மக்கள் காட்டை வெட்டித் திருத்தினர். 1869இல் மடூல்சீமையில் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அந்நோயாற் கோப்பி மடியவே, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பெற்றது.

இம்மாற்றமே தொழிற்சாலையை மலைக்குக் கொணர்ந்தது. கோப்பிக் கொட்டையை ஓரளவு உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பி, எஞ்சிய வேலையை அங்கே முடிக்க இயலும். தேயிலைக் கொழுந்தோ காத்திராது. பறித்த சில மணி நேரத்துள் பக்குவம் தொடங்காவிடிற் கெட்டுவிடும். முதலிற் கொழுந்தைக் காற்றாடப் பரப்பி வாட்டுவர். பின் உருளைகளில் இட்டு முறுக்கிச் சாறு கசியச் செய்வர். அடுத்துப் புளிக்க வைப்பர்; காற்றிலுள்ள ஒட்சிசன் சாற்றோடு கலந்து இலை செம்பு நிறம் பெறுவது அப்பொழுதே. இறுதியில் வெப்பக் காற்றில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பர். ஏறத்தாழ நான்கரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகும். ஆடி, ஆவணி மாதங்களில் மலையைக் கடந்து வறண்டு வீசும் கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டுகின்றது.

இவ்வாறு விளைந்த செல்வம் எங்கே சென்றது? 1894இல் பண்டாரவளையை அடைந்த புகையிரதம் பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. இடைப்பட்ட தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் அப்பாதையின் அருமையை இன்றும் காட்டும். அப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசி மூட்டைகள் ஏறின. விலையைத் தீர்மானித்தவை இலண்டன் ஏலமும், 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலமும் ஆகும். 1890இல் ஊவாவில் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர் உலகெங்கும் பரவியதேயன்றி, கொழுந்து விளைந்த மலைகளின் பெயர் பரவவில்லை. கலப்பதும் பொதி செய்வதும் விற்பதும் வேற்றூர்களில் நிகழ்ந்தமையால், அத்தொழில்களாற் பெருகும் வாழ்வு பதுளைக்கு வாய்க்கவில்லை.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. உழைப்பவர் நகரில் வாழ்ந்து நகரிற் செலவிடும்போதே தொழில் நகர் வளரும். இங்கோ உழைப்பாளர் லயன்களில் அடைபட்டிருந்தனர். கடன் தீர்ந்ததற்கான துண்டு இன்றி வேறு தோட்டஞ் செல்லவும் இயலாத முறை 1921 வரை நிலவியது. அரிசியும் தோட்டத்திலேயே வழங்கப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம், அவர்கள் தம் உரிமையை உணர்ந்தமைக்குச் சான்று. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவரெனப் பிரித்தது. ஒரே லயனில் வாழ்ந்த உறவுகள் கடலுக்கு இரு புறமும் ஆயின. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஊருக்கு உணவும் பொருளும் ஈட்டியவர் அவ்வூரின் குடிகளாகக் கணிக்கப்படாதபோது, நகர் எங்ஙனம் வளரும்?

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை பலமுறை கைமாறிய போதும் லயன் வாழ்வு முற்றும் மாறிற்றில்லை. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2005இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. பாட்டி கிள்ளிய கொழுந்தின் நுட்பத்தைப் பேரன் ஆய்வுகூடத்திற் கற்கும் வாயில் அது.

மாணவர்காள்! நுங்கள் இல்லத்து முதியோர் எத்தோட்டத்தில், எவ்வேலையில் இருந்தனர் என்பதைக் கேட்டு எழுதி வைப்பீராக. வாட்டும் மாடத்தில் இரவு விழித்தவரும், மழையிற் கூடை சுமந்தவருமே இத்தொழில் நகரைச் சமைத்தவர். பழைய மாணவர்களாகிய பெரியோர் அவ்வேடுகளைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பராயின், இவ்விழாவின் பயன் நெடுநாள் நிற்கும். மலையை விடுத்து எழுதும் பதுளை வரலாறு பாதி வரலாறே. மறு பாதியை எழுதும் கடன் நம்முடையது.