‘பசுமை ஆடை’: சொல்லும் அளவும்

துணிக்கடையிலே தொங்கும் சட்டையின் கழுத்தில் பச்சை அட்டையொன்று கட்டியிருக்கக் காண்கிறோம். ‘இயற்கைக்கு உகந்தது’ என்கிறது அது. சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பழகிய ஆசிரியர்கள் இதனையும் சற்றே வினவலாம். எதனினும் உகந்தது? எவ்வளவு? அளந்தவர் யார்?

சுவீடன் நாட்டு எச் அண்டு எம் நிறுவனம் ‘கான்சியஸ்’ என்னும் பெயரிட்டுச் சில ஆடைகளை விற்று வந்தது. அவை எவ்வகையில் மேம்பட்டவை என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை என 2019-இல் நார்வே நாட்டு நுகர்வோர் அமைப்பு குறை கூறிற்று. பின்னர் நிறுவனம் எண்களையே காட்டலாயிற்று. ‘ஹிக்’ குறியீட்டைக் கொண்டு, இவ்வாடைக்குச் செலவான நீர் வழக்கத்தினும் இத்தனை விழுக்காடு குறைவு என இணையக் கடையில் எழுதியது. எண்ணைக் கண்டதும் ஐயம் தீர்ந்ததாகக் கொள்வது மக்கள் இயல்பு. ஆயின், 2022 ஜூனில் குவார்ட்ஸ் என்னும் அமெரிக்கச் செய்தி இதழ் இரண்டையும் ஒப்பிட்டது. நீர்ச்செலவு 20 விழுக்காடு மிகுதி என்று குறியீட்டில் இருந்த ஓர் ஆடைக்கு, கடையில் 20 விழுக்காடு குறைவு என்று இருந்தது. கழித்தற்குறியைக் கருதாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டதன் விளைவு இது! மாணவன் செய்திருப்பின் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்போம்.

குறி சரியாயினும் கணக்குச் சரியாகிவிடாது. குறியீடு தருவது இழைவகையின் பொதுச் சராசரியே. நம் கையிலுள்ள சட்டையின் பருத்தி எந்த வயலில் விளைந்தது, எந்த ஆலையில் சாயம் ஏறியது என்பதை அது அறியாது. இச்சராசரியைக் காட்டி நார்ரோனா என்னும் தன்னாட்டு நிறுவனம் செய்த விளம்பரம் வாங்குவோரை மயக்குவது என்று நார்வே அமைப்பு அதே மாதம் முடிவு செய்தது. செப்டம்பரில் நெதர்லாந்து அதிகாரிகளின் ஆய்வுக்குப் பின், எச் அண்டு எம், டெக்கத்லான் ஆகிய இரண்டும் இத்தகைய சொற்களைத் திருத்தவோ கைவிடவோ இசைந்தன. முறையே 500,000 யூரோவும் 400,000 யூரோவும் நன்கொடை தரவும் உடன்பட்டன.

‘மறுசுழற்சி பாலியெஸ்டர்’ என்பது இன்னும் நுட்பமானது. அது பெரும்பாலும் பழந்துணியிலிருந்து வருவதன்று. பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்து வருவது. புட்டி மீண்டும் புட்டியாகலாம். சட்டையான பின் அவ்வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. எழுதியது பொய்யன்று, ஆயினும் படிப்பவர் கொள்ளும் பொருள் வேறு.

இன்னொன்று: அட்டை எப்போதும் ஒரு சட்டையைப் பற்றியே பேசும், விற்ற சட்டைகளின் தொகையைச் சொல்லாது. ஒரு சட்டைக்கான நீர் 10 விழுக்காடு குறைந்து, சட்டைகளின் எண்ணிக்கை 50 விழுக்காடு பெருகுமாயின், மொத்த நீர்ச்செலவு 35 விழுக்காடு கூடியிருக்கும். அப்போதும் ஒவ்வொரு சட்டையிலும் அதே பச்சை அட்டை தொங்கும்.